சிஎம்எஃப் போன் 1: நாலு திருகாணி, ஒரு ஸ்பீக்கர், வேலூர் வெயில்

காட்பாடி_ஜங்ஷன் | #1
பட்ஜெட் 15 ஆயிரம், இழுத்தா 16. சேல்ஸ் வேலை: காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாரம் ஒரு தடவை ஜமுனாமரத்தூர் பக்கம். பைக் ஹேண்டில்ல மவுண்ட், நாள் முழுக்க மேப், யுபிஐ, ரெண்டு சிம். கேம் கிடையாது. கடைக்காரர் சிஎம்எஃப் (நத்திங் கம்பெனியோட பட்ஜெட் பிராண்ட்) போன் 1 எடுத்துக் காட்டுறார். நீல நிறம், பின்னாடி லெதர் மாதிரி. எடுக்கலாமா? நல்லதைவிட கெட்டதை முதல்ல சொல்லுங்க.

கோட்டை_அகழி | #2
கெட்டதுதானே? இந்தாங்க.

ஒரே ஒரு ஸ்பீக்கர், கீழ்ப்பக்கம். படுக்கைவாட்டில் பிடிச்சா உள்ளங்கை மூடிடும். இயர்போன் துளை இல்லை. என்எஃப்சி (போனைத் தட்டிக் காசு கட்டுற வசதி) இல்லை. பெட்டியில சார்ஜர் இல்லை. அல்ட்ராவைட் கேமரா (அகலமான காட்சியை அடக்குறது) இல்லை. பின்னாடி தெரியுற ரெண்டாவது லென்ஸ் 2 மெகாபிக்சல் டெப்த் சென்சார், அது எண்ணிக்கைக்கு. ஸ்டோரேஜ் யுஎஃப்எஸ் 2.2, பழைய தலைமுறை. ஐபி52 மட்டுமே: தூசி ஓரளவு, தண்ணி மேலிருந்து சொட்டினா மட்டும். ஐப்பசி மழையில மவுண்ட்ல மாட்டி ஓட்ட அது போதாது, உறை வேணும்.

இனி நல்லது. 6.67 அங்குல அமோலெட், 120 ஹெர்ட்ஸ், திரை தட்டை (ஓரம் வளையாததால டெம்பர்டு கிளாஸ் ஒழுங்கா உட்காரும்). டைமென்சிட்டி 7300 சிப், 4 நானோமீட்டர், சூடு குறைவு. 5000 எம்ஏஎச், 33 வாட். மென்பொருள் சுத்தம், பூட்டுத் திரையில விளம்பரம், சூதாட்ட ஆப் அறிவிப்பு எதுவும் கிடையாது. இந்த விலையில அந்தக் கடைசி விஷயத்துக்கே பாதி மார்க் போடலாம்.

2024 ஜூலையில வந்தப்போ 6 ஜிபி 15,999, 8 ஜிபி 17,999. அதே விலையை இன்னைக்கும் கேட்டா எழுந்து வந்துடுங்க.

ஹாஸ்டல்_வைஃபை | #3
ஆண்ட்ராய்டு 14-ல வந்த போன், ரெண்டு பெரிய அப்டேட், மூணு வருஷம் பாதுகாப்பு அப்டேட்னு சொன்னாங்க. அதாவது ஆண்ட்ராய்டு 16 வரை. பாதுகாப்பு 2027 நடுவில முடியும். யுபிஐ நாள் முழுக்க அடிக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2025-ல வந்த போன் 2 ப்ரோவுக்கு 3 பெரிய அப்டேட், 6 வருஷம் பாதுகாப்பு. அல்ட்ராவைட், டெலி (தூரத்தைக் கிட்டே இழுக்கிற கேமரா) ரெண்டும் உண்டு. ஆனா விலை மேலே, முதுகையும் முழுசா கழற்றி மாத்த முடியாது.

6-ஆ 8-ஆன்னு அடுத்து கேப்பீங்க: 8. "ரேம் பூஸ்டர்"னு சேர்த்துச் சொல்ற ஜிபி எல்லாம் ஸ்டோரேஜ்ல இருந்து கடன் வாங்குறது. யுஎஃப்எஸ் 2.2-ல அந்தக் கடன் மெதுவாத்தான் வரும். மேப், யுபிஐ, வாட்ஸ்அப், ஆர்டர் ஆப் நாலும் ஒண்ணா ஓடணும்னா 6 ஜிபியில மேப் பின்னாடி போயிட்டு மறுபடி முதல்லேருந்து திறக்கும்.

ஆம்பூர்_லைனிங் | #4
நீலம்னு சொன்னதால இது. கருப்பும் வெளிர்பச்சையும் பாலிகார்பனேட் முதுகு. நீலமும் ஆரஞ்சும் "வீகன் லெதர்". நம்ம ஊர்ல அதுக்குப் பேரு ரெக்சின். பிளாஸ்டிக் மேல பியூ (பாலியூரித்தேன்) பூச்சு, அதுக்கு மேல தோல் மாதிரி ஒரு அச்சு. அவ்வளவுதான்.

பியூவோட எதிரி ஈரமும் சூடும். காத்துல இருக்கிற ஈரம், கை வியர்வை ரெண்டும் உள்ளே போய் அதோட மூலக்கூறுச் சங்கிலியை மெல்ல அறுக்கும். சூடு அந்த வேலையை வேகப்படுத்தும். பெட்டியில போட்டு வச்ச ஷூவோட சோல் தொடாமலே பொடிஞ்சு போறது இதே கதை. போன்ல முதல்ல மூலை வெளுக்கும், அப்புறம் விரல் படுற இடம் பிசுபிசுக்கும், பிறகு உரியும். எப்போன்னு தேதி சொல்ல முடியாது, பூச்சோட தரத்தைப் பொறுத்தது. கைக்கு முதல் நாள் சுகம். வேலூர் மே மாசத்துல பைக் மேல வைக்கிற ஆளுக்கு கருப்புதான்.

துடைக்கிறதும் கவனம். சானிடைசர் வேண்டாம், ஸ்பிரிட் பூச்சை உலர்த்தி விரிசல் விட வைக்கும். ஈரத்துணியை நல்லா பிழிஞ்சு ஒரு துடை, உடனே காய்ஞ்ச துணி.

பாலாற்று_மணல் | #5
தோல் பதனிடுற மாவட்டத்துக்கே ரெக்சினை லெதர்னு விக்கிறாங்களே, தைரியம்தான்.

சத்துவாச்சாரி_சால்டரிங் | #6
லைனிங் பாய் சொன்னது சரி, ஆனா இந்த போன்ல அது மரண நோய் இல்லை. முதுகு உரிஞ்சா முதுகை மட்டும் மாத்தலாம், அதுதான் இதோட தனிக்குணம். மத்த போன்ல பின்மூடி பசையில ஒட்டியிருக்கும். ஹீட் கன், பிக், மறுபடி பசைன்னு ஒரு கூலி. இதுல மூலைக்கு ஒண்ணா நாலு திருகாணி.

முறை:
போனை அணைங்க. சிம் தட்டை முதல்ல வெளியே எடுங்க. இதை மறந்துட்டு நெம்பினா தட்டு வளையும், சில சமயம் மூடியில இருக்கிற துளையோரம் கிழியும். அடுத்து நாலு மூலை திருகாணி, அப்புறம் கீழ் மூலையில இருக்கிற வட்டத் திருகு. மூடி உடனே வராது, கிளிப்பும் பிடிச்சிருக்கும். ஒரு பக்கம் நகம் கொடுத்து சுத்திக்கிட்டே வரணும். ஸ்குரூடிரைவர் முனையை நுழைக்காதீங்க, உள்ளே பேட்டரி திறந்து தெரியும், அதைக் குத்தினா புகைதான். மூடுறதுக்கு முன்னாடி பழைய டூத் பிரஷ்ஷால ஓரம் ஒரு தடவை துடைங்க. திருகாணியை கையால நிக்கிற வரைக்கும்தான் முறுக்கணும். இன்னும் அரைச்சுத்து இருக்கட்டும்னு நெரிச்சா மரை போயிடும், அப்புறம் அந்த மூலை ஆடிக்கிட்டே கிடக்கும்.

வாங்கும்போதே கவனம்: மூடி வருதுன்னு பேட்டரியும் பழைய நோக்கியா மாதிரி கையோட வரும்னு நினைக்காதீங்க. பேட்டரி மாத்துறது கடை வேலை. பசை போட்டு ஒட்டாத மூடி, அதனால ஐபி52-க்கு மேல தண்ணியைத் தடுக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

ஆம்பூர்_லைனிங் | #7
அப்படின்னா ஒரு வழி இருக்கு. பிளாஸ்டிக் மூடி வாங்கி அது மேல நிஜத் தோல் ஒட்டிக்கலாம். ஆட்டுத்தோல் லைனிங், 0.6 மில்லிமீட்டர் கனம். அதுக்கு மேல போனா ஓரம் தூக்கும், கேமரா மேட்டோட சமமா வந்து லென்ஸ் உரசும். ஓரத்தை ஸ்கைவிங் பண்ணி சீவிடணும். மைக் துளை, ஃபிளாஷ், திருகாணிக் குழி எல்லாம் பஞ்ச் போட்டுத்தான் திறக்கணும், கத்தியில கீறினா பிசிறடிக்கும்.

ஷூ கம்பெனி சொல்யூஷன் மட்டும் தடவாதீங்க. அதுல இருக்கிற கரைப்பான் பாலிகார்பனேட்டை நரம்பு நரம்பா விரிசல் விட வைக்கும், உடனே தெரியாது, ஒரு வாரம் கழிச்சு திருகாணி மூலையிலதான் முதல்ல உடையும். ரெண்டு பக்கமும் ஒட்டுற மெல்லிய டேப் போதும்.

சத்துவாச்சாரி_சால்டரிங் | #8
அழகுக்கு சரி பாய். ஆனா தோல் சூட்டை வெளியே விடாது. பைக்ல மாட்டுறவருக்கு வேண்டாம்னுதான் சொல்வேன்.

கோட்டை_அகழி | #9
சூடுன்னு வந்துட்டதால திரையைப் பத்தி.

விளம்பரத்துல 2000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தோட அளவு). அது திரையில ஒரு சின்ன இடம் மட்டும் மின்னும்போது தொடுற உச்சம். முழுத்திரைக்குச் சாதாரணமா கம்பெனி சொல்றது 700 நிட்ஸ். நிழல்ல தாராளம். கத்திரி வெயில்ல, உச்சி வேளையில, கிரீன் சர்க்கிள் சிக்னல்ல நிக்கிறப்போ படிக்க முடியும், கண்ணைச் சுருக்கணும். சிக்கல் அதுக்கு அப்புறம்தான்: போன் சூடானா தானே வெளிச்சத்தைக் குறைச்சுக்கும். எந்த நிமிஷம் அதிக வெளிச்சம் வேணுமோ அப்போ குறையும். இது இந்த போனோட குறை இல்லை, எல்லா போனும் இப்படித்தான்.

செய்ய வேண்டியது:
வெயில்ல டார்க் மோடை எடுத்துடுங்க. வெள்ளைப் பின்னணியில கருப்பு எழுத்துதான் வெளியில தெரியும். மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணி வையுங்க. டேட்டா, ஜிபிஎஸ், திரை மூணும் ஒண்ணா ஓடுறதுதான் சூட்டுக்கு மூலம். நேர் ரோடா இருக்கிற வாலாஜா பைபாஸ்ல திரையை அணைச்சுட்டு குரலை மட்டும் கேளுங்க. மவுண்ட்ல இருக்கும்போது சார்ஜ் போடாதீங்க. கொதிச்ச போனை ஏசி முன்னாடியோ ஐஸ் வாட்டர் பாட்டில் பக்கத்துலயோ வைக்காதீங்க, உள்ளே வேர்க்கும். நிழல்ல பத்து நிமிஷம் போதும்.

லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கிழவனாக்குறது ரெண்டு: சூடு, நூறு சதவீதத்துல நெடுநேரம் நிக்கிறது. ரெண்டும் சேர்ந்தா மோசம். ஏப்ரல், மே மாசத்துல 80-ல பிடுங்கிடுங்க.

காட்பாடி_ஜங்ஷன் | #10
நன்றிண்ணா. மவுண்ட்ல வச்சா கேமரா போயிடும்னு சொல்றாங்களே, அது நிஜமா? இதுல ஓஐஎஸ் (லென்ஸ் அசைஞ்சு கை நடுக்கத்தைச் சரிகட்டுறது) இல்லைன்னும் படிச்சேன், குறையா?

கோட்டை_அகழி | #11
நிஜம். பெரிய இன்ஜின் பைக்கோட அதிர்வு நேரா ஹேண்டில் வழியா போனுக்கு வந்தா கேமரா கெடலாம்னு ஆப்பிளே 2021-ல எச்சரிக்கை போட்டுச்சு. ஓஐஎஸ்ல லென்ஸ் தொங்கவிட்ட மாதிரி மிதக்கும், அதிர்வு அதைத்தான் முதல்ல அடிக்கும்.

இந்த போன்ல ஓஐஎஸ் இல்லை, மின்னணு நிலைப்படுத்தல் மட்டும். ராத்திரி போட்டோவுக்கு அது குறை: ஷட்டர் நேரம் நீளும்போது கை நடுக்கம் கலங்கலா வரும். பைக் மவுண்ட்டுக்கு அதே விஷயம் லாபம்: தொங்குற சாமான் ஒண்ணு குறைவு. ஆட்டோஃபோகஸ் மோட்டார் இருக்கத்தான் செய்யுது, அதனால அதிர்வு தாங்கும் ரப்பர் டேம்பர் வச்ச மவுண்ட் வாங்குங்க.

பகல்ல 50 மெகாபிக்சல் மெயின் கேமரா நல்லாவே எடுக்கும். ஜலகண்டேஸ்வரர் கோபுரத்தை முற்றத்துக்குள்ள நின்னு முழுசா அடக்கணும்னா அல்ட்ராவைட் இல்லாதது உறுத்தும். கீழேருந்து மேலே பனோரமா போங்க. ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்கு எந்த கேமராவும் வேண்டாம், போனையே வாசல்ல வாங்கி வச்சுக்குவாங்க. பில், சாம்பிள் போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்புற வேலைக்கு இது தேவைக்கு மேலே.

ஜவ்வாது_டவர் | #12
ஜமுனாமரத்தூர் போறவர் கேமராவைப் பத்திப் பேசுறார், சிக்னலைக் கேக்கலை. மலையில அதுதான் முதல் கேள்வி.

5ஜிக்கு ஜியோ 700 மெகாஹெர்ட்ஸ் (என்28), 3500 (என்78) ரெண்டுலயும் இருக்கு. என்78 வேகம், ஆனா சுவர் தாண்டாது. டவுன்ல நின்னு டெஸ்ட் பண்றப்போ காட்டுற வேகம் எல்லாம் அது. என்28 மெதுவு, ஆனா தூரம் போகும், கட்டடத்துக்குள்ள வரும். ஜியோவுக்கு 4ஜியைச் சாராத தனி 5ஜி கோர் (நெட்வொர்க்கோட மையப் பகுதி). ஏர்டெல் 4ஜியைப் பிடிச்சுக்கிட்டு அது மேல 5ஜி சேர்த்துச்சு. அதனால ஏர்டெல்ல 4ஜி பேண்டும் (அலைவரிசை) முக்கியம்.

மலை ஊர்ல பிஎஸ்என்எல் 4ஜி வந்த இடத்துல 700-ம் (4ஜி பேண்ட் 28) 2100-ம் (பேண்ட் 1) தான். 5ஜியில என்28 இருக்குன்னா 4ஜியில பேண்ட் 28-ம் இருக்கும்னு நினைச்சுக்குவாங்க. ரெண்டும் வேற வேற வரி. எந்த போனா இருந்தாலும் கம்பெனி தளத்துல இந்திய மாடலுக்கான பேண்ட் பட்டியலைத் திறந்து 4ஜி வரிசையில 28-ஐ விரல் வச்சுப் பாருங்க. இல்லைன்னா பக்கத்துலயே டவர் இருந்தும் போன் குருடு.

பேட்டரிக்கு ஒண்ணு: மலை ஏறும்போது 5ஜியை அணைச்சு 4ஜிக்கு மட்டும் மாத்துங்க. சிக்னல் தேடியே சார்ஜ் கரையும். இறங்கினதும் மறக்காம போடுங்க.

பாலாற்று_மணல் | #13
சிம் தட்டு ஹைப்ரிட். ரெண்டு சிம் போட்டா மெமரி கார்டுக்கு இடம் இல்லை. பெட்டியில "2 டிபி வரை"ன்னு போட்டதைப் பார்த்து கார்டு வாங்கிடாதீங்க. 128-ல 100 நிறைஞ்சதும் போன் தடுமாறும், வாட்ஸ்அப் வீடியோவை மாசம் ஒரு தடவை கழுவுங்க.

ஹாஸ்டல்_வைஃபை | #14
சேல்ஸ் ஆளுக்கு இன்னொண்ணு, யாரும் சொல்லலை. டயலர் கூகுளோடது. கால் ரெக்கார்டு போட்டா "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது"ன்னு எதிர்ப்பக்கமும் கேக்கும். ஆர்டர் பேசினதை ரெக்கார்டு வச்சுப் பழகினவங்களுக்கு இது இடிக்கும். வாட்ஸ்அப்ல ஆர்டரை எழுத்தா வாங்கிக்கறது இன்னும் நல்லது, அது வேற.

ஆம்பூர்_லைனிங் | #15
கைரேகை சென்சார் எப்படி? தோல் யூனிட்ல கை வேலை பார்க்கிறவங்க வாங்கும்போது அதுதான் முதல் புகார். சுண்ணாம்பு, உப்பு, குரோம் தண்ணியில ஊறி ரேகை தேய்ஞ்சிருக்கும்.

சத்துவாச்சாரி_சால்டரிங் | #16
திரைக்குள்ள இருக்கிற ஆப்டிகல் சென்சார். விரலை வெளிச்சம் போட்டு படம் பிடிக்கும். தேய்ஞ்ச ரேகைக்கும் காய்ஞ்ச தோலுக்கும் திணறும். ஒரே கட்டைவிரலை ரெண்டு தடவை, ரெண்டு பேர்ல பதிவு பண்ணுங்க: ஒண்ணு காலையில கை சுத்தமா இருக்கும்போது, ஒண்ணு வேலை முடிஞ்சு வரும்போது. டெம்பர்டு கிளாஸ் ஒட்டின பிறகு பழைய பதிவை அழிச்சுட்டு மறுபடி பதியணும். பிரைவசி கிளாஸ் ஒட்டினா பல சமயம் வேலையே செய்யாது. அப்படியும் முடியலைன்னா 6 இலக்க பின், யுபிஐ பின் மாதிரி இல்லாம வேற எண்.

இது வழியா இன்னொரு சோதனையும் இருக்கு, பழைய போன் வாங்குறவங்க குறிச்சுக்கங்க. திரை உடைஞ்சு விலை குறைஞ்ச எல்சிடி காப்பி போட்ட போன்ல கைரேகை செத்துப் போயிருக்கும். சென்சார் அமோலெட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்து அதன் வழியாப் பார்க்குது. எல்சிடியோட பேக்லைட் அடுக்கு மறைச்சுடும். விக்கிறவர் "அதை நான் யூஸ் பண்றதில்லை"ன்னு சிரிச்சா புரிஞ்சுக்கங்க.

காட்பாடி_ஜங்ஷன் | #17
சார்ஜருக்குத் தனியா செலவா? வீட்ல பழைய 10 வாட் சார்ஜர் கிடக்குது.

சத்துவாச்சாரி_சால்டரிங் | #18
ஆபத்து ஒண்ணும் இல்லை, நேரம்தான். 5000 எம்ஏஎச்சை பேட்டரி வோல்ட்டால பெருக்கினா சுமார் 19 வாட்-ஹவர். 10 வாட்ல சூட்டுல போற நஷ்டம், கடைசி இருபது சதவீதத்துல தானே வேகம் குறையறது எல்லாம் சேர்த்தா இரண்டரை, மூணு மணி நேரம். ராத்திரி படுக்கும்போது போடுறவருக்குப் பிரச்சினை இல்லை. கத்திரியில அந்த மெதுவு நல்லதும்கூட, சூடு குறைவு.

மதியம் ஓட்டல்ல அரைமணி நேரத்துல ஏத்தணும்னா 33 வாட் சார்ஜர் வேணும். டைப்-சி வாய் உள்ளது, பின்னாடி பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரைக்குக் கீழே ஆர்-னு தொடங்குற எண் இருக்கணும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா யார் பேர்ல பதிவுன்னு வரும். சார்ஜர் மேல ஒரு பேரு, ஆப்ல ஒரு பேருன்னா கையை எடுங்க.

பாலாற்று_மணல் | #19
முதுகு மூடி, சார்ஜர், ஸ்டாண்டு, கழுத்துக் கயிறு எல்லாம் தனித்தனி விலை. போன் மலிவு, சீர்வரிசை செலவு. ஸ்டாண்டும் கயிறும் அந்த வட்டத் திருகுல மாட்டுறது, உங்க வேலைக்கு ரெண்டும் தேவை இல்லை.

கோட்டை_அகழி | #20
கடையில பண்ண வேண்டியது, பில் போடுறதுக்கு முன்னாடி:

*#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐ, பெட்டி, பில் மூணும் ஒண்ணா இருக்கா. ஆங்கிலத்துல KYM எழுதி இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க, மாடல் பேர் திரும்பி வரும்.

வெளிச்சத்தை முழுசா குறைச்சு, கையால மறைச்சு, சாம்பல் நிறப் படம் ஒண்ணு திறங்க. ஒரு பக்கம் பச்சையா இன்னொரு பக்கம் சிவப்பா தெரிஞ்சா வேற பீஸ் கேளுங்க. ஒரு ஐகானைப் பிடிச்சு திரை முழுக்க இழுங்க. நடுவில கைவிட்டா தொடுதிரையில செத்த இடம். கால் போட்டு காதுல வச்சு எடுங்க, திரை அணைஞ்சு எரியணும். நாலு திருகாணித் தலையையும் பாருங்க, கீறல் இருந்தா ஏற்கெனவே திறந்த பீஸ்.

கடைசியா, கம்பெனி தளத்துல உங்க பின்கோடு போட்டு சர்வீஸ் எங்கேன்னு பாருங்க. நேரா கொண்டுபோய் கொடுக்கிற இடமா, கூரியர்ல அனுப்புறதா. கூரியர்னா ஒரு வாரம் போன் இல்லாம சேல்ஸ் பார்க்க முடியுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஒரு ஸ்பேர் போன் வீட்ல இருந்தா கவலை இல்லை.

ஜவ்வாது_டவர் | #21
விலை விஷயத்துல என் கணக்கு: பாதுகாப்பு அப்டேட்டுக்கு மிச்சம் இருக்கிற மாசத்தை எண்ணுங்க. ஒரு வருஷத்துக்குக் கீழே இருந்தா யுபிஐக்கு இதை எடுக்காதீங்க, இன்னும் 2 ஆயிரம் போட்டு புது மாடலுக்குப் போங்க. அதுக்கு மேல இருந்து 8 ஜிபி 14 ஆயிரத்துக்குள்ள கிடைச்சா எடுக்கலாம்.

ஹாஸ்டல்_வைஃபை | #22
14 அதிகம். 13-க்குப் பேசுங்க, சார்ஜர் செலவு அந்த ஆயிரத்துலதான் வரணும்.

காட்பாடி_ஜங்ஷன் | #23
சரி. கருப்பு, 8 ஜிபி, 13-ல ஆரம்பிக்கிறேன். பேண்ட் 28 பார்த்துட்டுத்தான் காசு. ரப்பர் டேம்பர் மவுண்ட், 33 வாட் சார்ஜர் தனியா. டெம்பர்டு கிளாஸ் எது ஒட்டலாம்? கடையில பசை ஊத்தி யுவி லைட் காட்டுறதைச் சொல்றாங்க.

சத்துவாச்சாரி_சால்டரிங் | #24
அது வளைஞ்ச திரைக்கு. உங்களது தட்டை, சாதாரண கிளாஸ் போதும். யுவி பசை ஓரமா வழிஞ்சு மேலே இருக்கிற இயர்பீஸ் கம்பி வலையில இறங்கினா எதிர்ல பேசுறவர் குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கும், அதைச் சுரண்டி எடுக்கவும் முடியாது. கிளாஸ் ஒட்டினதும் கட்டைவிரலை மறுபடி பதிய மறக்காதீங்க.

ஆம்பூர்_லைனிங் | #25
நீல மூடியை யாராவது கடையில கழற்றிப் போட்டு வச்சிருந்தா வாங்கி வையுங்க. உரிச்சுட்டு ஆட்டுத்தோல் ஒட்டிப் பார்க்கலாம், பைக் ஓட்டாத நாளுக்கு.